பரு போன பிறகும் போகாத கறையும் குழியும்: மாநிறத் தோலுக்கு எது உதவும், எது கெடுக்கும்?

முகப்பரு அடங்கிய பிறகு முகத்தில் தங்கிவிடுபவை இரண்டு. ஒன்று, பரு இருந்த இடத்தில் தட்டையாகப் படிந்திருக்கும் பழுப்பு அல்லது கறுப்புக் கறை. இன்னொன்று, தோலே உள்வாங்கிப் பள்ளமாகிவிடும் குழி. கண்ணாடி முன்னால் நிற்பவருக்கு இரண்டும் சேர்ந்தே தெரியும். விற்பவர்களும் "தழும்பு, கரும்புள்ளி எல்லாம் மறையும்" என்று சொல்லி இரண்டுக்கும் ஒரே டியூபை நீட்டுகிறார்கள். ஆனால் இவை தோலின் வெவ்வேறு அடுக்குகளில் வெவ்வேறு காரணங்களால் உண்டாகிற இரண்டு பிரச்சினைகள். கறை பெரும்பாலும் காலப்போக்கில் தானாகவே மங்கும். குழி தானாகப் போகாது, எந்தக் கிரீமும் அதை நிரப்பாது.

இது தெரியாததால் வீணாகும் பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. சில மாதங்களில் போயிருக்க வேண்டிய கறையை, அவசரப்பட்டு எதையாவது தடவிப் பல வருடங்களுக்கு இழுத்துக்கொள்பவர்கள் நம்மிடையே ஏராளம். மாநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

உங்களுக்கு இருப்பது எது என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஜன்னலோரம் நின்று, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து முகத்தில் விழும்படி பாருங்கள். குழி இருந்தால் அதன் விளிம்பு நிழல் போடும். கறை நிழல் போடாது, விரலால் தடவினாலும் சமமாகவே இருக்கும். பலருக்கு இரண்டுமே இருக்கும். குழிக்குள்ளேயே கறை இருப்பதும் உண்டு. கறை மங்கியதும் குழி அவ்வளவாகத் தெரியவில்லை என்று நிம்மதி அடைபவர்களும் இருக்கிறார்கள்.

கறை எப்படி உண்டாகிறது

தோலின் மேலடுக்குக்கு அடிவரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் அங்கேதான் உருவாகிறது. இந்தச் செல்களின் எண்ணிக்கை வெள்ளைத் தோலிலும் கறுப்புத் தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு மெலனின் உருவாகிறது, அது எவ்வளவு பெரிய பொட்டலங்களாகப் பக்கத்துச் செல்களுக்குப் போகிறது என்பதில்தான் வேறுபாடு. நம் தோலில் இந்த வேலை எப்போதுமே மும்முரமாக நடக்கிறது. வெயிலிலிருந்து அதுதான் நம்மைக் காக்கிறது.

பரு என்பது எண்ணெய்ச் சுரப்பியின் துளை அடைபட்டு, உள்ளே பாக்டீரியா பெருகி, அதை எதிர்த்து உடல் நடத்தும் சண்டை. சிவப்பு, வீக்கம், வலி எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளங்கள். மருத்துவர்கள் இதை அழற்சி என்பார்கள். அழற்சியின்போது வெளிப்படும் ரசாயனங்கள் மெலனோசைட்டுகளைத் தூண்டிவிடுகின்றன. தேவைக்கு மேல் மெலனின் உருவாகிச் சுற்றியுள்ள செல்களில் நிரம்புகிறது. பரு போய்விடும், நிறம் நின்றுவிடும்.

அந்த நிறம் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது முக்கியம். மேலடுக்கிலேயே நின்றால் கறை பழுப்பாகத் தெரியும். மேலடுக்குச் செல்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வருவதால், நிறமும் அவற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். ஆனால் அழற்சி கடுமையாகி அடிவரிசையே சேதமானால், மெலனின் கீழடுக்குக்குள் சிந்திவிடும். அங்கே அதை விழுங்கும் செல்கள் அதை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். அப்போது கறை சாம்பல் அல்லது நீலச்சாயலோடு தெரியும். அது மங்க வருடங்கள் ஆகலாம், மேலே தடவும் கிரீமும் அங்கே எளிதில் எட்டாது. பருவைக் கிள்ளுவதும் பிதுக்குவதும் செய்யும் கெடுதல் இதுதான். வெளியே கொஞ்சம் சீழ் வந்ததாகத் தெரியும், உள்ளே துளையின் சுவர் உடைந்து அழற்சி ஆழத்துக்குப் போயிருக்கும். கறையை ஆழமாக்குவதும் குழியைத் தொடங்கி வைப்பதும் பல முகங்களில் அந்த ஒரு நிமிட வேலைதான்.

வெளிர்ந்த தோல் உள்ளவர்களுக்குப் பரு போன இடம் பழுப்பாகாமல் ரோஜா நிறமாகச் சில மாதம் நிற்கும். அது மெலனின் அல்ல, விரிந்த ரத்தக் குழாய்கள். நிறமியைக் குறைக்கும் கிரீம்களால் அதற்குப் பயன் குறைவு.

மருத்துவர்கள் தோலை ஆறு வகையாகப் பிரித்துப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். 1975இல் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் வகுத்தது. புற ஊதாக் கதிர் சிகிச்சைக்கு எவ்வளவு அளவு கொடுக்கலாம் என்று கணிக்க, வெள்ளைத் தோலுக்காக உருவான முறை அது. பழுப்பு, கறுப்புத் தோல்களுக்கான ஐந்தாவது, ஆறாவது வகைகள் பிறகுதான் சேர்ந்தன. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரை வருவோம். இணையத்தில் கிடைக்கும் "முன்பு – பின்பு" படங்களும் சிகிச்சைக் குறிப்புகளும் பெரும்பாலும் முதல் மூன்று வகைத் தோல்களை வைத்து எழுதப்பட்டவை. அங்கே பாதுகாப்பான பீலும் (அமிலம் தடவித் தோலின் மேற்பகுதியை உரிப்பது) லேசரும் இங்கே புதுக் கறையை உண்டாக்கலாம். காரணம் எளிமையானது: எரிச்சலும் ஒரு அழற்சிதான். பருவுக்கு மெலனின் சுரந்த அதே செல், தீக்காயத்துக்கும் அரிப்புக்கும் கடுமையான ஸ்கிரப்புக்கும் அதேபோல் சுரக்கும்.

வெளிச்சமே எதிரி

கறைக்கு முதல் மருந்து எது என்று கேட்டால், சன்ஸ்கிரீன் என்றுதான் சொல்வேன். அது இல்லாமல் விலையுயர்ந்த எந்தக் கிரீமும் பாதி வேலைகூடச் செய்யாது. இரவில் தடவியது குறைக்கிற நிறத்தைப் பகல் வெயில் மறுபடி ஏற்றிவிடும். தமிழ்நாட்டில் வருடத்தின் பல மாதங்களில் வெயிலின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு நண்பகலில் 10ஐத் தாண்டுகிறது. டூவீலரில் தினமும் அலுவலகம் போகிறவர், பேருந்து நிறுத்தத்தில் அரை மணி நேரம் நிற்கிறவர், கடை வாசலில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

நம் தோலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான சன்ஸ்கிரீன்கள் புற ஊதாக் கதிரைத் தடுக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அந்த வெளிச்சமே பழுப்பு, கறுப்புத் தோல்களில் நீண்ட நாள் நிற்கும் கருமையை உண்டாக்குகிறது என்று காட்டியது. வெளிர்ந்த தோலில் அதே வெளிச்சம் அப்படி எதுவும் செய்யவில்லை. வெள்ளைத் தோலுக்குப் போதுமான பாதுகாப்பு நமக்குப் போதாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வெளிச்சத்தைத் தடுக்கக் கூடியது இரும்பு ஆக்சைடு. செம்மண்ணுக்கு நிறம் தருவதும் அதே சேர்மம்தான். லேசான பழுப்பு நிறம் கலந்த சன்ஸ்கிரீன்களில், அதாவது கடைக்காரர்கள் 'டின்டட்' என்று சொல்லும் வகையில், இது இருக்கும். பெட்டியில் எஸ்.பி.எஃப். என்ற பாதுகாப்பு எண் 30க்குக் குறையாமல் இருக்கிறதா, பொருட்பட்டியலில் இரும்பு ஆக்சைடு இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பூச்சாக முகத்தில் நிற்பதால்தான் பலர் சன்ஸ்கிரீனை நிறுத்திவிடுகிறார்கள். நிறம் கலந்ததில் அந்தத் தொல்லையும் குறையும்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதித்துக் கிடைத்தது. நாம் பொட்டு மாதிரி எடுத்துத் தேய்ப்பது அதில் பாதிகூட வராது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியில் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். அது முடியாதவர்களுக்குக் குடை, தொப்பி, துப்பட்டா எல்லாமே நல்ல காப்பு, செலவும் இல்லை.

கிரீம்களில் எதை நம்பலாம்

முதலில் அசலேயிக் அமிலம். இதன் கதை நமக்கு நெருக்கமானது. முதுகிலும் நெஞ்சிலும் வரும் தேமலை எல்லோருக்கும் தெரியும். தேமலுக்குக் காரணமான பூஞ்சை தோலை ஏன் வெளிறச் செய்கிறது என்று 1970களில் ஆராய்ந்த இத்தாலிய ஆய்வாளர்கள் அசலேயிக் அமிலத்தைக் கவனித்தார்கள். அதைக் கிரீமாக்கிப் பார்த்தபோது பருவும் குறைந்தது, கறையும் மங்கியது. அளவுக்கு மீறி வேலை செய்யும் மெலனோசைட்டுகளை மட்டும் அடக்கி, இயல்பாக இருப்பவற்றை அதிகம் தொந்தரவு செய்யாமல் விடுவது இதன் சிறப்பு. அதனால் சுற்றியுள்ள தோல் வெளுத்துப் போகும் பயம் குறைவு. கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் தயங்காமல் எழுதுவது இதைத்தான். தடவியதும் கொஞ்சம் ஊறல் எடுக்கும், சில வாரங்களில் பழகிவிடும். மாநிறத் தோலுக்கு நான் முதலில் நினைப்பது இந்த மருந்தை.

அடுத்தது ரெட்டினாய்டுகள். ட்ரெட்டினோயின், அடாப்பலீன் இரண்டும் இந்தக் குடும்பம். அடைபட்ட துளைகளைத் திறந்து புதுப் பரு வராமல் தடுக்கும், மேலடுக்குச் செல்களை வேகமாகப் புதுப்பிக்கும், நிறத்தைக் கழிக்கும். ஆனால் தொடக்கத்தில் தோலை உரிக்கும், காயவைக்கும். அந்த எரிச்சலே புதுக் கறையாகும் என்பதால், இதில் நிதானம்தான் பாதி சிகிச்சை. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் தடவி, மேலே மாய்ஸ்சரைசர் போட்டால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

நியாசினமைடு மெலனின் பொட்டலங்கள் பக்கத்துச் செல்களுக்குப் போவதைக் குறைக்கும். மென்மையானது, விலையும் அதிகமில்லை. வைட்டமின் சி, கோஜிக் அமிலம், ஆர்புட்டின் ஆகியவையும் ஓரளவு உதவும். ஆனால் ஐந்தாறு சீரங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசும் இப்போதைய பழக்கம் தோலை எரிச்சலாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. சன்ஸ்கிரீன், இரவில் ஒரு மருந்து, ஒரு மாய்ஸ்சரைசர் போதும். எந்த மருந்தானாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகாமல் பலனைத் தீர்மானிக்க முடியாது. செல்கள் புதுப்பிக்கப்படும் வேகம் அவ்வளவுதான்.

ஹைட்ரோகுவினோன் வலிமையானது. மெலனின் உருவாக்கத்தையே தடுக்கும். மருத்துவர் கண்காணிப்பில் மூன்று, நான்கு மாதங்களுக்குப் பயன்படுத்தினால் நல்ல பலன் தரும். அதையே வருடக்கணக்கில் தடவினால் தோல் கருநீலமாக மாறும் ஒக்ரனோசிஸ் என்ற நிலை வரலாம். இது வந்துவிட்டால் போக்குவது மிகக் கடினம். 1975இல் தென்னாப்பிரிக்காவில், தோலை வெளுக்க இதைத் தடவிவந்த கறுப்பினப் பெண்களிடம்தான் இந்தப் பாதிப்பு முதலில் பதிவானது. அழகுப் பொருட்களில் இதைச் சேர்ப்பதைப் பிறகு அந்த நாடும் ஐரோப்பிய ஒன்றியமும் தடைசெய்தன.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் அந்த டியூப்

நம் ஊரில் பருக் கறைக்கு மிக அதிகமாகக் கேடு செய்தது எது என்றால், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்த கிரீம்தான். 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து ஒரு சூத்திரம் வெளியிட்டார். மங்கு போன்ற பிடிவாதமான கருமைக்கு, குறுகிய காலத்துக்கு, மருத்துவர் பார்வையில் தடவ வேண்டிய மருந்து அது. ஸ்டீராய்டு அதில் எரிச்சலைத் தணிக்கத்தான் சேர்ந்தது. இந்தியாவில் அதே சேர்க்கை, மோமெட்டசோன் போன்ற வீரியமுள்ள ஸ்டீராய்டோடு, சில நூறு ரூபாய்க்குள் எந்த மருந்துக் கடையிலும் சீட்டு இல்லாமல் கிடைக்கத் தொடங்கியது. முகம் வெளுக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், பியூட்டி பார்லரில் சொல்வார்கள், கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார்.

முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். கறை மங்கும், பருவும் அடங்கும். அந்தப் பளபளப்புதான் வலை. மாதங்கள் போகப்போகத் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியும். சிறுசிறு பருக்கள் கூட்டமாக வரும், மீசை தாடிப் பகுதியில் மெல்லிய முடி வளரும். வெயிலில் போனால் எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும். அதனால் பயந்து மறுபடி தடவுவார்கள். கறைக்காகத் தொடங்கியவர் கடைசியில் முன்பைவிடக் கறுத்த முகத்தோடு நிற்பார். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்தப் பாதிப்புக்குத் தனிப் பெயரே வைத்து, அவர்களுடைய சங்கத்தின் மூலம் வருடக்கணக்கில் எதிர்த்துப் போராடினார்கள். 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் விற்க வேண்டிய பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சட்டம் வந்தும் பல கடைகளில் விற்பனை நிற்கவில்லை. உங்கள் டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன், ஃபுளுவோசினோலோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால், அது தினமும் முகத்தில் பூசிக்கொள்ளும் அழகுப் பொருள் அல்ல. நீண்ட நாள் தடவியிருந்தால் திடீரென்று நீங்களாக நிறுத்தாமல், தோல் மருத்துவரிடம் காட்டி அவர் சொல்லும் முறையில் விடுவது நல்லது.

பெயர் ஊர் இல்லாத சிவப்பழகுக் கிரீம்கள் இன்னும் மோசம். பாதரசம் கலந்தவை அவற்றில் உண்டு. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரகப் பாதிப்போடு வந்த பலர் இப்படிப்பட்ட கிரீம்களைத் தடவியவர்கள் என்று அங்குள்ள சிறுநீரக மருத்துவர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். தோலில் பூசியதுதானே என்று நினைத்தவர்களுக்குப் பாதிக்கப்பட்டது சிறுநீரகம். வெளுப்பதற்கு நரம்பில் ஏற்றும் ஊசிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தோலை வெளுக்க எந்த ஊசி மருந்தையும் அங்கீகரிக்கவில்லை.

வீட்டு வைத்தியத்தில் கடலை மாவும் சந்தனமும் பெரிய கெடுதல் செய்யாது, பெரிய பலனும் இருக்காது. எலுமிச்சைச் சாறு வேறு. அதன் அமிலத்தன்மை தோலுக்கு மிக அதிகம். அதிலுள்ள சில பொருட்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கி, புதிதாகக் கருமையை உண்டாக்கும். பருவின் மேல் பற்பசை வைப்பதும் இதே வகைக் கெடுதல்தான்.

முகத்தில் தெரியும் கருமை எல்லாம் பருவால் வந்ததும் அல்ல. கன்னங்களில் இருபக்கமும் ஒரே மாதிரி படர்ந்திருந்தால் மங்காக இருக்கலாம். தலைக்குச் சாயம் பூசுபவர்களுக்கு நெற்றியோரமும் காதோரமும் கறுப்பது சாய ஒவ்வாமையாக இருக்கலாம். கழுத்தும் அக்குளும் நெற்றியோரமும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்தால், அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்து இன்னும் கறுக்கவைப்பார்கள். அவர்களுக்குத் தேவை சர்க்கரைப் பரிசோதனையும் எடைக் குறைப்பும்.

குழிகள்

சரி, குழிக்கு வருவோம். பருவின் அழற்சி கீழடுக்கில் தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரத நார்களை அழித்து, உடல் அதைச் சரியாகத் திரும்பக் கட்டாமல் விட்டால் தோல் அந்த இடத்தில் உள்வாங்கும். இது கீழடுக்கின் குறை. மேலே தடவும் எதுவும் அந்த இழப்பை ஈடுகட்டாததற்குக் காரணம் இதுதான். தொடர்ந்து பல மாதம் அடாப்பலீனும் பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஜெல் தடவியவர்களுக்கு லேசான குழிகள் கொஞ்சம் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதுவும் பரு இருக்கும்போதே தொடங்கியவர்களிடம் பார்த்தது.

குழிகளில் மூன்று வகை உண்டு. ஊசியால் குத்தியது போல வாய் குறுகி ஆழமாகப் போவது ஒன்று. செங்குத்தான விளிம்போடு, வட்டமாகவோ நீள்வட்டமாகவோ, அடி தட்டையாக இருப்பது இரண்டாவது. அகலமாக, விளிம்பே தெரியாமல் அலை அலையாக அமுங்கி நிற்பது மூன்றாவது. ஒருவர் முகத்திலேயே மூன்றும் கலந்து இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே சிகிச்சை, ஒரே பேக்கேஜ் என்று யாராவது சொன்னால் அவர் குழிகளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அலை போன்ற குழியில், தோலைக் கீழிருந்து நார்க்கட்டுகள் இழுத்துப் பிடித்திருக்கும். மெத்தையில் தையல் போட்ட இடம் அமுங்கி நிற்பது மாதிரி. தோலை விரலால் இழுத்துப் பிடித்தால் இந்தக் குழி பெரும்பாலும் சமமாகிவிடும். இதற்கு சப்சிஷன் என்ற சிறு அறுவை முறை நன்றாக வேலை செய்யும். மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் ஒரு ஊசியையோ மழுங்கிய குழலையோ செலுத்தி அந்தக் கட்டுகளை அறுத்துவிடுவார்கள். 1995இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஓரன்ட்ரைக் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். சில நாள் ரத்தக்கட்டும் வீக்கமும் இருக்கும். தோலின் மேற்பரப்பைச் சுடாததால் கறை விழும் ஆபத்து லேசரைவிடக் குறைவு. நம் தோலுக்கு இது பெரிய நன்மை. விளம்பரத்தில் லேசர் அளவுக்கு இது பேசப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஊசிக்குழிகளுக்கு வேறு வழி. 65 முதல் 100 சதவீத வீரியமுள்ள ட்ரைக்குளோரோ அசெட்டிக் அமிலத்தைக் கூரான குச்சியின் நுனியால் அந்தக் குழிக்குள் மட்டும் தொட்டு வைப்பார்கள். உள்ளே கொலாஜன் புதிதாக உருவாகிக் குழி மேலேறும். கொரிய மருத்துவர்கள் 2002இல் கறுத்த ஆசியத் தோல்களில் செய்து காட்டிய முறை இது. ஒரு சொட்டு பக்கத்துத் தோலில் பட்டால் காயமும் கறையும் உறுதி, அதனால் கை பழகியவர் செய்ய வேண்டியது. இணையத்தில் இதே அமிலத்தை வாங்கி வீட்டில் செய்துகொள்பவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. செங்குத்து விளிம்புள்ள குழிகளை, சிறு வட்டக் கத்தியால் அடியோடு வெட்டி மேலே தூக்கி வைப்பதும் உண்டு, வெட்டியெடுத்துத் தையல் போடுவதும் உண்டு.

பரவலாக இருக்கும் ஆழமில்லாத குழிகளுக்கு மைக்ரோநீட்லிங். நுண்ணிய ஊசிகளால் தோலில் ஆயிரக்கணக்கான துளைகள் போட்டு, ஆறும்போது உருவாகும் கொலாஜனைப் பயன்படுத்திக்கொள்வது. இப்போது வீட்டுக்கே வாங்கும் உருளையைப் பிரபலமாக்கியவர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைச் சேர்ந்த பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ். கிளினிக்கில் குழிக்குச் செய்யும் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. வீட்டு உருளை அந்த ஆழம் போகாது, போகவைத்தால் தொற்று வரலாம். பரு இருக்கும் முகத்தில் அதை உருட்டினால் கிருமியை முகம் முழுக்கப் பரப்புவதாகும். மேலடுக்கு பெரிதாகச் சேதமாகாததால் மைக்ரோநீட்லிங்கும் மாநிறத் தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது.

லேசரில், முகம் முழுவதையும் சுடாமல் புள்ளி புள்ளியாகச் சுட்டு இடையில் நல்ல தோலை விட்டுவைக்கும் ஃப்ராக்ஷனல் முறை 2004இல் வந்தது. அந்த நல்ல தோலிலிருந்து காயம் வேகமாக ஆறும். அப்படியும் கார்பன் டை ஆக்சைடு லேசருக்குப் பிறகு நம் தோல்களில் தற்காலிகக் கருமை வருவது சாதாரணம். பெரும்பாலும் சில மாதங்களில் போகும். குறைந்த ஆற்றலில், அமர்வுகளுக்கு இடையே அதிக இடைவெளி விட்டு, முன்னும் பின்னும் வெயிலிலிருந்து காத்துக்கொண்டால் ஆபத்து குறையும்.

எதைச் செய்தாலும் குழி முழுதாக மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாதிக்குப் பாதி குறைந்தாலே நல்ல பலன். பல அமர்வுகள் தேவைப்படும், ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய். கொலாஜன் மெதுவாகத்தான் வளரும் என்பதால் கடைசி அமர்வு முடிந்து மூன்று, ஆறு மாதங்கள் கழித்தும் மாற்றம் தெரிந்துகொண்டிருக்கும். நெஞ்சிலும் தோளிலும் தாடையோரத்திலும் பரு போன இடம் குழியாகாமல் தடித்து மேலெழுந்தால் அது வேறு வகைத் தழும்பு. வெட்டினால் பெரும்பாலும் முன்பைவிடப் பெரிதாக வளரும். அந்தத் தழும்புக்குள்ளேயே மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி போட்டு அமுக்குவதும் சிலிகான் பட்டை ஒட்டுவதும்தான் முதல் சிகிச்சை.

எதை முதலில் செய்வது

பரு வந்துகொண்டிருக்கும்போது கறைக்கும் குழிக்கும் பணம் செலவழிப்பது வீண். ஒன்று மங்குவதற்குள் இன்னும் நான்கு வரும். அழற்சி எத்தனை நாள் நீடிக்கிறதோ அந்த அளவுக்குக் குழி விழும் வாய்ப்பு கூடும். "வயசுக் கோளாறு, தானா போயிடும்" என்று பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை வீட்டில் அப்படியே விட்டுவிடுவது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். அந்த வயதில் சில மாதச் சிகிச்சை, பிறகு இருபத்தைந்தில் லேசருக்குக் கொடுக்கும் தொகையை மிச்சப்படுத்தும். வீட்டில் அண்ணனுக்கோ அம்மாவுக்கோ குழி விழுந்த வரலாறு இருந்தால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கினால் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள், பருவுக்கான மருந்துகள் பலவும் அங்கேயே கிடைக்கும்.

கட்டி கட்டியாக வரும் கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை 1982இலிருந்து இருக்கிறது. அதைப் போல வேலை செய்யும் மருந்து வேறில்லை. ஆனால் வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கடுமையான ஊனம் உண்டாக்கும். சாப்பிடும்போதும் நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் ஆகவே கூடாது. இந்த மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் வரை பீல், லேசர் எதுவும் கூடாது என்பது பழைய விதி. 2017இல் அமெரிக்கத் தோல் அறுவை மருத்துவர் சங்கம் சான்றுகளைத் திரட்டிப் பார்த்து, மேலோட்டமான பீல்களுக்கும் ஃப்ராக்ஷனல் லேசருக்கும் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று சொன்னது. முகம் முழுவதையும் ஆழமாகத் தேய்க்கும், சுடும் முறைகளுக்கு மட்டும் பழைய எச்சரிக்கை தொடர்கிறது. குழி விழுந்துகொண்டிருக்கும் ஒருவர் ஆறு மாதம் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், இதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பீலோ லேசரோ செய்வதென்று முடிவானால், செய்பவர் தோல் மருத்துவத்தில் பட்டம் பெற்றவரா என்று முதலில் கேளுங்கள். பார்லரிலும் பெயருக்கு ஒரு மருத்துவரை வைத்திருக்கும் மையங்களிலும் பயிற்சி இல்லாதவர்களே கருவியைப் பிடிக்கிறார்கள். அப்புறம், காதுக்கு முன்னாலோ தாடைக்கு அடியிலோ ஒரு சிறு இடத்தில் மட்டும் முதலில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நம் தோலில் கருமை உடனே வராது, வாரங்கள் கழித்துத்தான் முகம் காட்டும். அதனால் அந்த இடத்தை ஒரு மாதம் கவனித்து, அதே வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, அதன் பிறகு முழு முகத்துக்கும் தேதி வாங்கலாம்.